மறுகரைக்குப் போகும் முன்: இளையோர் நலப் பணிக்குத் தன்னார்வலராக வெளிநாடு செல்ல முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் முகாம் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அதன் வழியாகத் தினமும் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் பலருக்கு அந்த 'முகாம்' எது என்று தெரியாது. இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன தமிழர்களைக் கப்பலேற்றுவதற்கு முன் நாள்கணக்கில் நிறுத்திவைத்து, தொற்றுநோய் இருக்கிறதா என்று சோதித்த இடம் அது. அதை நடத்தியது இலங்கை அரசு. கடலைக் கடப்பதற்கு முன் உடம்பைக் காட்டிவிட்டுப் போ என்று கேட்கப்பட்ட கரை நம்முடையது.

இன்று அதே கரையிலிருந்து சில இளைஞர்கள் என்னிடம் வேறொரு பயணத்துக்கு வழி கேட்கிறார்கள். வேறு நாட்டுக்குப் போய், அங்குள்ள இளையோரோடு உட்கார்ந்து உடல்நலம், மாதவிடாய், போதை, மனச்சோர்வு, எச்.ஐ.வி. ஆகியவற்றைப் பற்றிப் பேசும் தன்னார்வப் பணி. நான் எட்டு மாதங்கள் இலங்கையின் மன்னார்க் கரையில் இந்தப் பணியில் இருந்தேன். என் அம்மா கடலில் இறங்கிப் பாசி எடுப்பவர். எனக்கு வழி சொல்ல அன்று யாரும் இல்லாததால், நான் கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

'சக' என்ற சொல்லின் கனம்

அரசுக் காகிதங்களில் இந்தப் பணிக்குச் 'சக இளையோர் சுகாதாரக் கல்வியாளர்' என்று பெயர். நீளமான பெயர்தான், ஆனால் கனம் முழுவதும் முதல் சொல்லில் இருக்கிறது. பதினேழு வயதுப் பையன் ஆணுறையைப் பற்றி மருத்துவரிடம் கேட்க மாட்டான், ஆசிரியரிடம் வாய் திறக்க மாட்டான். அதே வலைவாடியில் ஐஸ் பெட்டி தூக்குகிற, தன்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணனிடம் கேட்டுவிடுவான். அந்த அண்ணனுக்குச் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. ஜிம்பாப்வேயில் 2004 முதல் 'ஸ்வந்திரி' என்ற திட்டம் நடக்கிறது. எச்.ஐ.வி.யோடு வாழும் இளைஞர்களே பயிற்சி பெற்று, அதே தொற்றோடு வாழும் பிள்ளைகளைத் தேடிப் போய், மாத்திரையை விடாமல் எடுக்கத் துணை நிற்கிறார்கள். தானும் தினமும் மாத்திரை விழுங்குகிறவர் சொல்லும்போது அந்தப் பேச்சு வேறு இடத்தில் போய்த் தைக்கிறது.

இப்போது யோசியுங்கள். வெளிநாட்டில் இறங்கியதும் அந்தச் 'சக' உங்களிடமிருந்து கழன்று விழுந்துவிடும். அங்குள்ள பிள்ளைகளுக்கு நீங்கள் விருந்தாளி, சில சமயம் அதிகாரி. அதனால் நான் எல்லோரிடமும் இரண்டு நிபந்தனைகளைச் சொல்கிறேன். சொந்தக் கரையில் ஓராண்டு உண்மையான 'சக'வாக இருந்து பழகாமல் போகாதீர்கள். போகிற ஊரில், அந்த ஊர் இளைஞர் ஒருவர் உங்களுக்கு இணையாக வேலை செய்யாத அமைப்பில் சேராதீர்கள். கீழே வருகிற படிகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் வழிதான்.

முதல் படி: சொந்தக் கரையில் ஓராண்டு

கல்லூரியில் இருந்தால் நாட்டு நலப்பணித் திட்டம், எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் ஆகிய மூன்றில் ஒன்றில் சேருங்கள். கல்லூரிக்குப் போகாதவர்கள் நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், உங்கள் ஊருக்கு வருகிற கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். 2014 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரையுள்ளோருக்கானது. சத்துணவு, பாலியல் மற்றும் இனப்பெருக்க நலம், மனநலம், காயங்களும் வன்முறையும், போதைப் பழக்கம், தொற்றாநோய்கள் என்று ஆறு பொருள்களை அது வகுத்திருக்கிறது. இந்த ஆறையும் உங்கள் பாடத்திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் பெரும்பாலும் இதே ஆறுதான் வேறு பெயர்களில் வரும்.

நேரத்தைக் கடல் தீர்மானிக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விசைப்படகில் போகிற பையன்கள் கரையில் வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள். மாலையில் உட்கார நேரமும் இருக்கும், பேச மனமும் இருக்கும். பெண் பிள்ளைகளுக்குப் பாசி இல்லாத நாட்களைக் கேட்டுக்கொண்டு பிற்பகலில் கூட்டுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து பேர், முக்கால் மணி நேரம், ஒரே ஒரு பொருள். முதல் சில கூட்டங்களை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக நடத்துங்கள்.

கேள்விப் பெட்டிதான் உங்கள் முதல் கருவி. ஒரே அளவுத் துண்டுச் சீட்டை எல்லோருக்கும் கொடுங்கள். எல்லோரும் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று எழுதட்டும். எல்லாப் பேனாவும் அசையும்போது யார் கேட்டது என்று யாருக்கும் தெரியாது. நான் திறந்த முதல் பெட்டியில் பாதிக்குமேல் இட்லியும் பழைய சோறும்தான் இருந்தன. நான்காவது கூட்டத்தில் ஒரு சீட்டில், "கடலில் நிற்கும்போது ஒன்றுக்குப் போக முடியாமல் அடக்கி அடக்கி எரிச்சல் எடுக்கிறது, இது கெட்ட நோயா?" என்று இருந்தது. சிறுநீர்த் தொற்று என்ற சொல்லை அந்தப் பிள்ளை கேள்விப்பட்டதே இல்லை. வெட்கப்பட வேண்டிய நோய் என்றே நினைத்து மாதக்கணக்கில் பொறுத்திருக்கிறாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் சுமார் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. வாரம் ஒரு நீல மாத்திரை பள்ளியில் கொடுக்கப்படுகிறது. பல பிள்ளைகள் அதை ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள். வயிறு புரட்டுகிறது, மலம் கறுத்துப் போகிறது, பயந்துவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் புரட்டல் குறையும், கறுப்பு நிறம் இரும்பினால்தான், அதனால் கேடில்லை என்று தானும் விழுங்கிப் பார்த்த ஒரு அக்கா சொன்னால் போதும். சுவரொட்டி செய்ய முடியாததை அந்த ஒரு வாக்கியம் செய்யும்.

சொற்களைச் சேகரியுங்கள். ஒரு நோட்டு போட்டு, உங்கள் ஊரில் உடம்பைப் பற்றி மறைமுகமாகச் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லையும் எழுதுங்கள். 'தூரம்', 'வீட்டுக்குத் தூரம்', 'தலைக்கு ஊற்றுவது', 'மேலுக்கு முடியவில்லை'. இந்தச் சொற்களுக்குள் என்ன பயம் இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் வேறொரு ஊரின் மறைமொழியும் பிடிபடும்.

எங்கே அனுப்புவது என்பதையும் எழுதிவையுங்கள். 104 மருத்துவ உதவி எண், 14416 மனநல ஆலோசனை எண், 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 181 பெண்களுக்கான உதவி எண். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையம். நீங்கள் மருத்துவர் இல்லை; மாத்திரையின் பெயரைச் சொல்லவே சொல்லாதீர்கள். சக இளையோர் கல்வியால் அறிவு கூடுவது எளிது, பழக்கம் மாறுவது கடினம் என்பது உலகம் முழுவதும் கண்ட அனுபவம். பேச்சைக் கேட்டுவிட்டுக் கிளம்பும் பிள்ளைக்குப் போய்ச் சேர ஒரு மருத்துவமனை, ஒரு செவிலியர், ஒரு முகவரி இருந்தால்தான் அந்தப் பேச்சு வேலை செய்யும்.

ஒரு வாக்கை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்: "யாரிடமும் சொல்ல மாட்டேன்." 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தால், 2012 போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். "உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் உதவி செய்யக்கூடிய ஒருவரிடம் சொல்வேன், மற்றது என்னோடு இருக்கும்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு கூட்டத்தின் தேதி, பொருள், வந்தவர் எண்ணிக்கை, எழுந்த கேள்விகள் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். பெயர்கள் வேண்டாம். ஆண்டு முடிவில் இந்த நோட்டும் சுகாதார நிலைய மருத்துவரின் கடிதமும்தான் உங்கள் தகுதிச் சான்று.

இரண்டாம் படி: எந்த நாடு?

எது அழகான நாடு என்று பார்க்காதீர்கள். உங்களுக்கும் அங்குள்ள இளையோருக்கும் பொதுவாக எது இருக்கிறது என்று பாருங்கள். மொழி பொதுவாக இருக்கலாம், கடல் தொழில் பொதுவாக இருக்கலாம், அப்பா வெளிநாட்டில் இருக்க அம்மாவிடம் வளர்ந்த அனுபவம் பொதுவாக இருக்கலாம். கீழக்கரைப் பக்கத்துச் சபுராளி (வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்) வீட்டுப் பிள்ளைக்கு, வளைகுடாவுக்கு ஆட்களை அனுப்பிவிட்டு வாழும் நேபாளக் கிராமத்தின் தனிமை சட்டென்று புரியும்.

இலங்கையின் வடக்கும் மலையகமும் நமக்கு மிக அருகில் உள்ளவை. நேபாளத்துக்கு இந்தியருக்கு விசா தேவையில்லை. வாக்காளர் அட்டையே போதும். ராமேஸ்வரத்திலிருந்து அயோத்திக்குப் போகும் வாராந்திர ரயிலைப் பிடித்து, கோரக்பூர் வழியாக சுனௌலி எல்லையைத் தொடலாம். நீண்ட பயணம்தான். நேபாளத்தில் 1988 முதல் இயங்கும் பெண் சமுதாய சுகாதாரத் தன்னார்வலர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல் இருக்கிறார்கள். அங்கு போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த அக்காக்களைத்தான்.

ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970-இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். 18 முதல் 26 வயதுக்கு இளையோர் பிரிவு தனியாக உண்டு. தேர்வானால் மாத வாழ்க்கைப் படி தருவார்கள். விண்ணப்பிக்க எந்தக் கட்டணமும் கிடையாது. வீட்டிலிருந்தே செய்யும் இணையத் தன்னார்வப் பணியும் அதில் இருக்கிறது. பாஸ்போர்ட் வருவதற்குள் அதைச் செய்து பழகலாம். அமெரிக்காவின் 'பீஸ் கோர்' என்ற தன்னார்வலர் திட்டத்தில் அந்நாட்டுக் குடிமக்கள் மட்டுமே சேர முடியும். பிரிட்டன் அரசு 2011-இல் தொடங்கி, இரு நாட்டு இளைஞர்களையும் இணையாக வைத்து நடத்திய பன்னாட்டுக் குடிமக்கள் சேவை இப்போது இல்லை. பழைய விளம்பரங்களை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்றாம் படி: அமைப்பைச் சோதிப்பது

துபாய்க்கு விசா வாங்கித் தருகிறேன் என்று பணம் வாங்கி ஏமாற்றிய முகவர்களை நம் கரை நன்றாக அறியும். தன்னார்வப் பணிக்கும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நான் இலங்கை போவதற்கு முன் ஓர் அமைப்பு என்னிடம் 'இட ஒதுக்கீட்டுக் கட்டணம்' என்று நாற்பதாயிரம் கேட்டது. அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கும் வரை போய்விட்டேன். பாசி எடுக்கும் பெண்கள் குழுவின் தலைவி, "பிள்ளைகளிடம் பேசுவதற்கு நீ ஏன் பணம் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. சங்கிலி வீட்டிலேயே இருந்தது.

நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டியவை: எனக்கு இணையாக வேலை செய்யும் உள்ளூர் இளைஞர் யார்? அவருக்கு என்ன படி, எனக்கு என்ன படி? பயிற்சி எத்தனை நாள்? குழந்தைகள் பாதுகாப்புக்கு எழுதிவைத்த விதிகள் இருக்கின்றனவா? அந்நாட்டுச் சுகாதாரத் துறைக்கு இந்தப் பணி தெரியுமா? நான் போன பிறகு யார் தொடர்வார்? உங்கள் காவல்துறைச் சான்றைக் கேட்காமலே சேர்த்துக்கொள்கிற அமைப்பை நம்பாதீர்கள். பிள்ளைகளிடம் யாரை வேண்டுமானாலும் அனுப்புகிறார்கள் என்று அர்த்தம்.

நான்காம் படி: காகிதங்களும் ஊசிகளும்

ராமநாதபுரம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றை மறக்காமல் இணையுங்கள். இல்லாவிட்டால் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்போடு பாஸ்போர்ட் வரும். பின்னால் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போக நினைத்தால் அது குறுக்கே நிற்கும். காவல்துறைச் சான்றுக்கும் பாஸ்போர்ட் சேவை வழியாகவே விண்ணப்பிக்கலாம், 500 ரூபாய். பட்டச் சான்றுக்கு அயல்நாட்டு அங்கீகார முத்திரை (அப்போஸ்டில்) கேட்டால், முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம்.

சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணி செய்யலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பல நாடுகளில் அது குற்றம். எந்த விசா என்று அழைக்கும் அமைப்பே எழுத்தில் சொல்லட்டும்.

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பே போட வேண்டும்; 2016 முதல் சான்று ஆயுள் முழுவதும் செல்லும். அந்தச் சான்று இல்லாமல் நோய் பரவும் நாட்டிலிருந்து திரும்பினால் இங்கே ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். மஞ்சள் காமாலை 'பி', டைபாய்டு, ரணஜன்னி ஊசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். காப்பீட்டில், நோயுற்றால் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு அடங்குகிறதா என்று பாருங்கள்.

இலங்கை போகிறவர்களுக்கு ஒன்று. அந்த நாடு மலேரியா இல்லாத நாடு என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ராமேஸ்வரம் தீவோ மலேரியாவால் நெடுங்காலம் அவதிப்பட்ட தீவு. இலங்கை போய்க் காய்ச்சல் வந்தால் முதல் வார்த்தையாக, இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: அங்கே முதல் மாதம்

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர். நான் போனபோது கப்பல் கிடையாது. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம், பிறகு பல மணி நேர ரயில். 2015-இல் மீண்டும் ஓடத் தொடங்கிய தலைமன்னார் ரயிலில் போய் இறங்கி, கடற்கரையில் நின்று எங்கள் ஊர்ப் பக்கம் பார்த்தேன்.

முதல் மாதம் எதையும் கற்பிக்காதீர்கள். இணைப் பணியாளரின் பின்னால் நடங்கள், கேளுங்கள், எழுதுங்கள். ஒரே தமிழ் என்ற நினைப்பே பெரிய ஆபத்து. இரண்டாவது வாரம் ஒரு தங்கச்சி, "அக்கா, அம்மாவுக்குக் கடும் வருத்தம்" என்றாள். நான் அருகில் உட்கார்ந்து, மனக்கவலையைப் பற்றி ஆறுதலாகப் பேசத் தொடங்கினேன். அவள் திகைத்துப் போனாள். அங்கே 'வருத்தம்' என்றால் நோய். அவள் அம்மா காய்ச்சலில் படுத்திருந்தார். வண்டி பிடிக்க உதவி கேட்டு வந்திருக்கிறாள். பேசுவது அங்கே 'கதைப்பது', மருத்துவமனை 'வைத்தியசாலை', வீடுவீடாக வரும் செவிலிக்குக் 'குடும்ப நல உத்தியோகத்தர்' என்று பெயர். என் சொல் நோட்டில் இடப்பக்கம் எங்கள் பாம்பன், வலப்பக்கம் மன்னார் என்று பிரித்து எழுதினேன். நூறு சொற்கள் சேர்ந்த பிறகே முதல் கூட்டத்தில் வாய் திறந்தேன்.

சட்டமும் அப்படித்தான். பாலுறவுக்கு ஒப்புதல் தரும் வயது இந்தியாவில் 18, இலங்கையில் 16. கருக்கலைப்பு இந்தியாவில் 1971 முதல் வரையறைகளோடு சட்டப்படியானது. நேபாளத்தில் 2002 முதல். இலங்கையில் தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதி. நம் ஊரில் சரியான ஓர் ஆலோசனை அங்கே ஒரு பெண்ணைச் சிறையின் வாசலில் நிறுத்திவிடும். உள்ளூர் மருத்துவ அதிகாரியிடம் இவற்றை வரிவரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மன்னாரில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்விக்கும் சுகாதாரத்துக்கும் தொடர்பில்லை. "உங்கட ஆட்கள் ஏன் எங்கட வலையை அறுக்கிறார்கள்?" கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடி போடுகிற நம் பக்கத்து விசைப்படகுகளைப் பற்றிய கேள்வி. அந்த மடியை அவர்கள் நாட்டில் 2017-இல் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். கேட்ட பையனின் அப்பா கடன் வாங்கிப் போட்ட வலை ஓர் இரவில் போயிருந்தது. நான் வாதாடவில்லை. எங்கள் ஊரில் சிறைப்பட்ட மீனவர் வீடுகளின் அழுகையையும் சொன்னேன், அவன் அப்பாவின் கடனையும் முழுதாகக் கேட்டேன். இரண்டு மணி நேரம் ஆனது. அதன் பிறகுதான் அந்தப் பையன்கள் கூட்டத்துக்கு வந்தார்கள். ராமநாதபுரத்திலிருந்து போகிற எவரும் இந்தக் கேள்விக்குத் தயாராகப் போக வேண்டும்.

நேபாளம் போகிறவர்களுக்கு வேறொரு சோதனை. மேற்குப் பகுதிகளில் மாதவிடாய் நாட்களில் பெண்களைக் குடிசையில் ஒதுக்கும் 'சௌபடி' வழக்கம் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அப்படி ஒதுக்குவோருக்கு மூன்று மாதச் சிறை வரை உண்டு. அதைப் பார்த்து அதிர்ச்சி அடையும்முன் நம் குச்சு கட்டும் சடங்கையும், மதுரை மாவட்டத்துச் சில ஊர்களில் மாதவிடாய் நாட்களில் பெண்களை ஒதுக்கிவைக்கும் முட்டுவீட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். "எங்கள் ஊரிலும் உண்டு" என்று தொடங்கினால், அந்த ஊரில் உங்கள் 'சக' திரும்பி வரும்.

கடினமான நாட்கள்

ஒரு பிள்ளை சாக நினைப்பதாகச் சொன்னால் பயந்து பேச்சை மாற்றாதீர்கள். நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியாக விடாதீர்கள். அன்றே பொறுப்பாளரிடமும் மருத்துவமனையிலும் சேர்த்துவிடுங்கள். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. போன நாட்டின் எண்ணை முதல் நாளே மனப்பாடம் செய்யுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி எங்கள் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். நான் அப்போது குழந்தை. ஆனால் அந்தச் சங்கிலியைப் பற்றிய பேச்சைக் கேட்டுத்தான் எங்கள் கரையின் பிள்ளைகள் வளர்ந்தோம். மனம் நோகிறது என்று சொன்னால் கட்டிப்போடுவார்கள் என்ற பயம் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறது. போருக்குப் பின் வளர்ந்த மன்னார்ப் பிள்ளைகளிடம் வேறு காரணங்களால் அதே வாய்மூடலைக் கண்டேன்.

உங்களுக்கும் தளர்வு வரும். வாரம் ஒரு முறை பொறுப்பாளரோடு அரை மணி நேரம் பேச உரிமை கேட்டு வாங்குங்கள். மூடிய அறையில் ஒரு சிறாரோடு தனியாக இருக்காதீர்கள். பிள்ளைகளின் படத்தை எங்கும் போடாதீர்கள்.

கடைசிப் படி: ஒப்படைத்துத் திரும்புவது

கடைசி இரண்டு மாதங்களில் நீங்கள் பேசுவதைக் குறைத்து, இணைப் பணியாளர் எல்லாக் கூட்டத்தையும் நடத்தட்டும். கேள்விப் பெட்டி, உதவி எண்கள், பாட நோட்டு எல்லாம் அவர் கையில் இருக்க வேண்டும். ஊர் திரும்பியதும் ஒரு மாதம் ஓய்வெடுத்துவிட்டு, நீங்கள் முன்பு சந்தித்த அதே செவிலியரிடம் போய் நில்லுங்கள்.

நான் திரும்பியது மார்ச் மாதம். சொல் நோட்டின் ஒரு படியை மன்னாரிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகள் கரையேறின. அன்று மாலை வலைவாடியில் பதினோரு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். துண்டுச் சீட்டைக் கொடுத்தபோது ஒருவன், "அக்கா, அந்தக் கரையில் எங்கள் வயதுப் பையன்கள் என்ன கேட்டார்கள்?" என்றான். பெயர் நீக்கிய கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒன்பதாவது கேள்வியில் அவன் நிறுத்தச் சொல்லி, தன் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினான்.